பூச்செடியை ஒளித்த வீடு

மறுமதிப்பீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்ற கடிதத்தைப் படித்ததும் கண்டக்டருக்கு வந்த முதல் ஆசை, அதை நாலாகக் கிழித்து வெளியே எறிய வேண்டும் என்பதுதான். ஜன்னல் வரைக்கும் போக யாராவது சக்கர நாற்காலியைத் தள்ள வேண்டும். அந்த யாராவது அன்றைய வேலையை முடித்துக்கொண்டு ஏற்கனவே போய்விட்டாள். ஆகவே கடிதம் பிழைத்தது.

அவளை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ்ஸை விட்டு வந்து வருஷக்கணக்கான பிறகும் பெயர் இறங்கவில்லை. படியில் நிற்காதே, உள்ளே போ என்று வாழ்நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவள், ஒரு நாள் திடீர் பிரேக்கில் அதே படியிலிருந்து தெருவில் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. வலது தோளில் பாதி போயிற்று. குரல் மட்டும் முழுசாக மிஞ்சியது. எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று விதிக்குத் தெரியவில்லை என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தார்கள்.

அரசாங்கம் அவளுக்கு ஓர் உதவியாளரைக் கொடுத்திருந்தது. தினமும் காலையில் வருவாள். அகலமான தோளும் தடித்த மணிக்கட்டும் கொண்ட பெண். கண்டக்டரைப் படுக்கையிலிருந்து அள்ளி நாற்காலியில் வைப்பதைப் பார்த்த நாளிலிருந்து தம்பி அவளுக்கு வைத்த பெயர் கிரேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கிரேனுக்கு மணிக்கு என்ன வாடகைன்னு விசாரிச்சுட்டு, அப்புறம் என்னை அப்படிக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, தலை வாருவது, முதுகிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து மருந்து தடவுவது எல்லாம் கிரேன்தான். கண்டக்டரின் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி எந்தத் துறையும் உத்தரவு போடவில்லை, அவளாகவே போட்டாள். எங்கிருந்தோ ஒரு செடிக் கொம்பை ஒடித்து வந்து தொட்டியில் ஊன்றி ஜன்னலில் வைத்ததும் அவள்தான். அது வெட்கமில்லாமல் சிவப்புச் சிவப்பாகப் பூத்தது.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் தம்பி. ரொட்டித் தொழிற்சாலையில் விடியுமுன் தொடங்கும் ஷிப்டு. மாவு மூட்டை தூக்கியே பாதி ஆயுளைக் கழித்தவனை இப்போதுதான் அடுப்புக்குப் பொறுப்பாக்கியிருந்தார்கள். காலையில் அடுப்பை மூட்டுவது அவன் கை. உதவியாளர் நின்றுவிட்டால் அவன் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். அக்காவைத் தூக்க வேண்டும், கழுவ வேண்டும், குளிப்பாட்ட வேண்டும்.

கண்டக்டரைப் பயமுறுத்தியது இதுதான். அடுப்பு வேலை போவது இரண்டாம்பட்சம். தம்பி கையால் குளிக்கிற நாள் வந்தால் அன்றே தன் கதை முடிந்தது என்று தீர்மானமாக இருந்தாள். அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் அவள். அந்தப் பாதை ஒருவழிப் பாதை.

சாயங்காலம் எதிர்வீட்டு வக்கீல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். உண்மையில் அவர் வக்கீல் இல்லை, தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர். பக்கவாதத்தில் இடது பக்கம் மரத்துப் போனதிலிருந்து அரசாங்கச் சுற்றறிக்கைகளை ஒன்று விடாமல் படித்துவந்ததால் அந்தப் பட்டம். அவருக்கும் ஒரு காலத்தில் உதவியாளர் இருந்தான். இப்போது இல்லை. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது.

கடிதத்தைக் கண்ணாடி வழியாக ஒரு தரமும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு தரமும் படித்தார்.

"ஏம்மா, உன் வீட்டை இப்படியே வச்சிருந்தா உனக்கு ஆப்புதான்."

"ஏன், என் வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. அதான் பிரச்சனை. என் வீட்டுக்கு வந்தவன் என்ன எழுதினான் தெரியுமா? சவரம் செய்திருக்கிறார், சுத்தமான உடை, வீடு ஒழுங்காக உள்ளது, சிரித்துப் பேசுகிறார், எனவே உதவி தேவையில்லை. சவரம் பண்ணிவிட்டதே அந்த உதவியாள்தாம்மா!"

"அதை நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். தெளிவா பேசுகிறார்னு அதையும் சேர்த்து எழுதிட்டான்."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். கண்டக்டர் சிரிக்கவில்லை.

"குடை பிடிச்சவன் நனையலையாம். அதனால குடை எதுக்குன்னு பிடுங்கிக்கறாங்க. இதாம்மா கணக்கு" என்றார் வக்கீல். "மாற்றுத்திறனாளின்னு பேர்லயே திறனை எழுதி வச்சுட்டு, அது இல்லன்னு நம்மளையே நிரூபிக்கச் சொல்றாங்க. நீ நிரூபிக்கணும். அதிகாரி வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு வரக் கூடாது. நீ குளிக்காத. தலை வாராத. கேட்டதுக்கு முடியல, முடியலன்னு சொல்லு. முக்கியமா அந்தக் கண்டக்டர் குரலைக் காட்டாத."

மறுநாள் காலையில் கிரேனிடம் சொன்னபோது அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"நான் ஒழுங்கா வேலை பாத்ததுதான் தப்பா, கண்டக்டரக்கா?"

"ஆமாடி. கொஞ்சம் மோசமா பாத்திருந்தா இவ்வளவு தொல்லை இல்ல."

"முதுகுல புண்ணு வந்துடும்."

"வரட்டும். வந்தாத்தான் நம்புவாங்களாம்."

கிரேன் கொஞ்ச நேரம் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு துறைக்குச் சொல்லாமலே வேலைக்கு வராமல் இருக்க ஒத்துக்கொண்டாள். தினமும் வந்ததாகவே கணக்கு ஓடும். மாட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து. அதைப் பேசாமலே இரண்டு பேரும் புரிந்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் வீட்டைக் கெடுக்கிற வேலை தொடங்கியது. வக்கீல் நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைத்தடியால் சுட்டிக்காட்டினார், தம்பி செய்தான். திரைச்சீலை கழற்றப்பட்டது. நல்ல கோப்பைகள் அலமாரிக்குள் போய், கைப்பிடி உடைந்த ஒன்று மேசைக்கு வந்தது. சுவரில் இருந்த படம் கொஞ்சம் கோணலாக்கப்பட்டது. வக்கீல் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

"அந்தப் பூச்செடி?" என்றான் தம்பி.

"ஐயையோ! என்ன சந்தோஷமா இருக்குது பாரு. அதை முதல்ல எடு. என் வீட்டுல கொண்டு போய் வை."

செடி எதிர்வீட்டு ஜன்னலுக்கு இடம் மாறியது. அங்கேயும் அது கூச்சப்படாமல் பூத்தது.

கண்டக்டர் படுக்கையிலேயே கிடந்தாள். விடியுமுன் தம்பி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போவான். திரும்பி வந்து மறுபக்கம் திருப்புவான். குளிப்பாட்டட்டுமா என்று அவன் ஒரே ஒரு முறை கேட்டான். அவள் பார்த்த பார்வையில் அடுத்த முறை கேட்கவில்லை. அந்த நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. தலை பிசுபிசுத்தது. உடம்பின் நாற்றம் முதலில் உறுத்தியது, பிறகு பழகியது. பழகியது உறுத்தியது.

படுத்தபடி பழைய பஸ்ஸை நினைத்துக்கொண்டாள். ஊனமுற்றோர் இருக்கைக்காகக் காலை இழுத்து இழுத்து நடந்து வருகிற பயல்கள். இறங்கும் இடம் வந்ததும் துள்ளிக் குதித்து ஓடுவார்கள். எவன் பொய், எவன் நிஜம் என்று ஏறும்போதே சொல்லிவிடுவாள். டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடிப்பவனின் இமையைப் பார்த்தே பிடித்துவிடுவாள். ஒருத்தரையும் சும்மா விட்டதில்லை. இப்போது அவளே நிஜமான முடத்தை வைத்துக்கொண்டு முடமாக நடிக்கிறாள். இப்படி ஒரு கேஸ் அவள் சர்வீசில் வந்ததே இல்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் இடது இடுப்பில் தோல் விட்டுப் போயிருந்தது. தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே போனான். வக்கீலுக்குச் செய்தி போனபோது அவர் முதலில், "பிரமாதம்" என்றார். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, கைத்தடியின் பிடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று தம்பி லீவு போட்டிருந்தான். அதிகாரி இளைஞன். நாகரிகமானவன். கையில் ஒரு டேப்லெட். வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கு ஒரு தரம் சுருங்கியது. மரியாதைக்காக அதை இருமலாக்கிக் கொண்டான். எல்லா அதிகாரிகளையும் போலப் பத்து மணிக்கு மேல்தான் வந்தான். அந்தத் துறையில் யாரும் ஊனமுற்ற ஒருவரின் காலையைப் பார்த்ததே இல்லை. அவர்கள் வருகிறபோது எல்லாரும் குளித்து, உடுத்தி, உட்கார்ந்திருப்பார்கள். பிறகு என்ன கஷ்டம் என்று அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"உங்களால தானா எழுந்து உட்கார முடியுமாம்மா?"

"முடியல சார்."

"ஒரு தலையணையைத் தூக்க முடியுமா?"

வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி அவள் தலையணையை யோசனையோடு பார்த்தாள். "எந்தக் கையால சார்?"

"உங்களுக்கு வசதியான கையால."

"வசதியான கைன்னு ஒண்ணு இல்ல சார்."

அவன் குனிந்து எதையோ தட்டினான். கண்டக்டருக்குள் ஒரு சின்னக் குஷி. நடிப்பு எடுபடுகிறது. இடுப்புப் புண்ணைக் காட்டியபோது அவன் முகம் வெளுத்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்தபோது கோபமாக இருந்தான்.

"காலைல உதவியாளர் வர்றாங்க இல்ல?"

"வர்றாங்க."

"தினமுமா?"

வக்கீலின் பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. வரவில்லை என்று சொன்னால் கிரேனுக்கு வேலை போகும். "தினமும் வருவா சார்" என்றாள்.

"தினமும் வந்துமா இந்த நிலைமை? இவ்வளவு அழுக்கு, இவ்வளவு புண்ணு?" அவன் தம்பியின் பக்கம் திரும்பினான். "இது பச்சை அலட்சியம் சார். அந்த அம்மா மேல நடவடிக்கை எடுக்கணும்னு எழுதறேன். உதவியாளர் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு இந்தப் புண்ணே சொல்லுது. இந்தச் சேவையை நிறுத்திடறேன். இதுக்கெல்லாம் சொந்த மனுஷங்க பாத்துக்கறதுதான் சரி. நீங்க கூடப் பிறந்தவர். நீங்களே பாத்துக்கலாமே?"

தம்பி வாழ்நாளில் எந்த அதிகாரியிடமும் முடியாது என்று சொன்னதில்லை. மேஸ்திரி இரட்டை ஷிப்டு கேட்டாலும், டாக்டர் நாளைக்கு வா என்றாலும் அவன் வாயிலிருந்து வருவது ஒன்றுதான். அதுவே இப்போதும் வந்தது.

"பரவால்ல சார். நான் பாத்துக்கறேன்."

"நல்லது" என்று அதிகாரி தட்டினான். "குடும்ப ஆதரவு உள்ளது."

"நிறுத்துங்க சார் வண்டிய!"

பஸ் நெரிசலில் பின்வாசல் வரை எட்டுகிற அந்தக் குரலுக்குக் கோணல் படம் சுவரில் ஆடியது. அதிகாரி டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"டேய், என்னத்தடா பாத்துக்குவ? வாயைத் திறந்தா பரவால்ல, பரவால்ல! உன் பரவால்லைக்கு நான் பலியாகணுமா?" தம்பி தலையைத் தொங்கப் போட்டான். அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "சார், அந்தப் பொண்ணு ஒரு வாரமா வரல. நான்தான் வராதன்னு சொன்னேன். அவ வந்தா நான் சுத்தமா இருப்பேன். சுத்தமா இருந்தா உதவி வேண்டாம்னு எழுதுவீங்க. அதான் அழுக்கா கிடந்தேன். அழுக்கா கிடந்தா உதவியால பிரயோஜனம் இல்லன்னு எழுதறீங்க. நான் எப்படி சார் இருக்கணும்? பாதிப் பாதியா குளிக்கட்டுமா?"

அதிகாரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்போ இதெல்லாம் நடிப்பா?"

"புண்ணு எப்படி சார் நடிக்கும்?"

"நீங்க துறையை ஏமாத்தியிருக்கீங்கம்மா. இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியாது. ஒரு வாரம் குளிக்காம இதே கட்டில்ல படுத்துப் பாருங்க. அதுக்கு மேல தண்டனை இருந்தா வாங்கிக்கறேன்." அவள் எதிர்வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தாள். "அடியே கிரேனு! ஒட்டுக் கேட்டது போதும், வா!"

எதிர்வீட்டுக் கதவு உடனே திறந்தது. திறந்த வேகத்திலேயே, அவளும் வக்கீலும் அதன் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது. கிரேன் உள்ளே வந்து அதிகாரியைப் பார்க்கவில்லை. புண்ணைத்தான் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சார், காலைப் பிடிங்க" என்றாள்.

"நானா?"

"இடுப்புல புண்ணு. தனியா தூக்கினா உரசும். தம்பியைப் பிடிக்க அக்கா விட மாட்டாங்க. நீங்கதான் பாக்கி. இப்படி இல்ல, முட்டிக்குக் கீழ கை குடுங்க. எலும்பு மட்டும்தான் இருக்கும்னு நினைக்காதீங்க, கனக்கும்."

அதிகாரி டேப்லெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுக் காலைப் பிடித்தான். உயிரில்லாத கால் உயிருள்ள காலைவிடப் பாரம் என்பது அவன் படித்த பயிற்சிக் கையேட்டில் இருந்திருக்காது. நாற்காலியில் வைப்பதற்குள் அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இடுப்பில் எங்கோ ஒரு நரம்பு பிடித்துக்கொண்டு, "ம்மா" என்றான்.

கிரேன் அவளைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே அதிகாரி இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தான். தம்பி தேநீர் கொண்டு வந்து கொடுத்தான், கைப்பிடி உடைந்த கோப்பையிலேயே. துறையின் கணக்கில் குளியல் என்பது ஒரு தேநீர் குடிக்கிற நேரம். அதைவிடக் கூட்டி யாருக்கும் அனுமதித்ததில்லை. தேநீர் முடிந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுநடுவே கண்டக்டர் வலியில் கிரேனின் பரம்பரையையே திட்டினாள்; கிரேன் பதிலுக்குத் திட்டினாள். தம்பி இரண்டாவது தேநீர் போட்டான். அதுவும் முடிந்தது. அதிகாரி கதவையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

கதவு திறந்தபோது கண்டக்டர் தலை வாரி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சோப்பு வாசனை அறைக்குள் வந்தது. எந்தப் பஸ்ஸையும் விசிலடித்துக் கிளப்பிவிடலாம் போன்ற தோற்றம்.

"இப்ப எழுதுங்க சார். அம்மா ரொம்ப நல்லா இருக்காங்க, உதவி தேவையில்லன்னு."

அதிகாரி நெடுநேரம் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்கு இதுல கட்டமே இல்லையேம்மா" என்றான், ஏறக்குறைய அழுகிற குரலில். "மூணுதான் இருக்கு. முன்னேற்றம், சரிவு, மாற்றமில்லை. முன்னேற்றம்னு போட்டா உதவி ரத்து. சரிவுன்னு போட்டா ஏன் சரிவுன்னு விசாரணை. இந்தம்மா மாட்டுவாங்க. நீங்களும் மாட்டுவீங்க. ரெண்டுக்கும் நான் விளக்கம் எழுதணும்."

"மாற்றமில்லைன்னு போட்டா?"

"விளக்கம் வேண்டாம்."

அவன் விரல் மூன்றாவது கட்டத்தில் இறங்கியது. கருணையா, இடுப்பு வலியா, விளக்கம் எழுதுகிற சோம்பலா என்று கண்டக்டர் ஆராயவில்லை. டிக்கெட் கையில் வந்துவிட்டால், கொடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதிகாரி எடுத்த படத்தை அழித்தான். லிஃப்ட் வரைக்கும் சாய்ந்து சாய்ந்து நடந்து போனான்.

"நல்லா நொண்டறான்" என்றாள் கண்டக்டர். "நிஜம்தான்."

உதவி தொடரும் என்று கடிதம் வந்தது. தம்பி அடுப்புக்குத் திரும்பினான். கிரேன் காலையில் வந்தாள். புண் மெல்ல மெல்ல ஆறியது. திரைச்சீலை ஜன்னலுக்கு ஏறியது, படம் நேரானது. ஒன்றை மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

அதை வக்கீலே தோளில் மாட்டிய துணிப்பையில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தார். ஒரு கையில் கைத்தடி. பையில் ஆடிய தொட்டி எந்நேரமும் விழும் போல இருந்தது. தம்பி ஓடிப் போய் வாங்கினான். செடி முன்னைவிடச் செழிப்பாக இருந்தது.

"என் மேல்முறையீட்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க" என்றார் வக்கீல், மூச்சு வாங்கியபடி. "தாடி வளர்த்து, ரெண்டு நாள் சட்டைய மாத்தாம, எல்லாம் அளவா வச்சிருந்தேன். உனக்கு ஆன மாதிரி எனக்கு ஆகக் கூடாதுன்னு புண்ணு வரைக்கும் போகல. எல்லாத்தையும் பாத்து உச்சுக் கொட்டினாங்க. அப்புறம் ஜன்னலைப் பாத்தாங்க."

"ஐயையோ" என்றாள் கிரேன்.

"செடி வளர்த்துப் பராமரிக்கும் அளவுக்கு உடல்நிலையும் மனநிலையும் உள்ளது. தள்ளுபடி. இந்தா, உன் செடி. உன் வீட்டுலயே சந்தோஷமா இருக்கட்டும்."

அவர் அழவில்லை. உட்கார்ந்து, மரத்துப்போன இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், பிறர் சாமானை எடுத்து ஓரமாக வைப்பது போல. சவரம் செய்யாத தாடியில் காலை உணவின் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. நடிப்புக்காக வளர்த்த தாடிதான். எடுத்துவிட இனி ஆள் இல்லை.

கண்டக்டர் அதைப் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள்.

மறுநாள் கிரேன் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, தலை வாரி முடித்ததும் கண்டக்டர், "இஸ்திரி வேண்டாம். அந்த நேரத்துக்கு எதிர்வீட்டுக்குப் போயிட்டு வா. சவரம் பண்ணிவிடு. குளிக்கணும்னு சொன்னா குளிப்பாட்டு" என்றாள்.

"அவருக்கு அனுமதி இல்லையே கண்டக்டரக்கா. தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்னைக் கேக்கச் சொல்லு."

கிரேன் ரேசரையும் துண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போனவளைக் கண்டக்டர் திரும்பக் கூப்பிட்டாள்.

"சர்வீசுல ஒருத்தரைக்கூட டிக்கெட் இல்லாம ஏத்தினதில்லடி நான்."

"தெரியும். ஊரே சொல்லும்."

"கதவைச் சாத்திட்டுப் போ. யாராவது பாத்துடப் போறாங்க."

கசங்கிய சட்டையோடு கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, குடித்து மிச்சம் வைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள்.